தக்கையில் ஒட்டிய நீலம்

அச்சகத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். மெய்ப்புத் திருத்தும் மேசையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் கொத்தித் தூக்கிவிடுவாள் என்பதால் வந்த பெயர். முதலாளியே "என்னம்மா கழுகு" என்றுதான் கூப்பிடுவார். அதில் அவளுக்குக் கோபம் கிடையாது. இருந்த கோபம் முழுவதையும் வேறொருத்திக்காகப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்.

அந்த வேறொருத்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கக் கட்டாக அவள் மேசைக்கு வந்து சேர்ந்தாள்.

"தத்துவப் புத்தகம்மா" என்றார் முதலாளி, கட்டை வைத்தபடி. "விளையாட்டைப் பத்தின தத்துவம். எழுதினவங்க பெரிய பேராசிரியை. பன்னெண்டு நாள்ல வெளியீடு. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரு."

முதல் தாளில் இருந்த பெயரைப் பார்த்ததும் கழுகுக்குக் காது சூடேறியது. பட்டங்கள் முன்னும் பின்னும் ஏறி உட்கார்ந்திருந்தன, ஆனால் பெயர் அதே பெயர்தான். இறகுப்பந்துக் கூடத்தில் யாரும் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. மின்னல் என்பார்கள். அவள் கை வீச்சு அப்படி.

அந்தக் கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்த கட்டடம். தகரக் கூரை, சாம்பல் நிறச் சிமெண்ட் தரை. வெள்ளைப் பந்து வெள்ளைக் கோட்டில் விழுந்தால் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று, கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் நீலப் பொடியைக் கஞ்சியில் குழைத்துக் கோடு போடுவார். போட்டி நாளில் விடிந்ததும் புதிதாகப் போடுவார், ஈரம் காய்வதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். அங்கே நடுவர் கிடையாது, இறுதிப் போட்டிக்கும் கிடையாது. அவரவர் பக்கத்துக் கோட்டுக்கு அவரவர் வாய்தான் தீர்ப்பு. என் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று நான் சொல்ல வேண்டும். நான் சொன்ன பிறகு எதிரில் நிற்பவர் மறுபேச்சுப் பேசினால் அது அவருக்குத்தான் அசிங்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தவர் கடைசிப் பந்தின் இறகுகளில் கையெழுத்தும் தேதியும் போட்டுத் தோற்றவர் கையில் கொடுப்பார். அடுத்த முறை ஜெயிக்கும்வரை பார்த்துக்கொண்டிரு என்று அர்த்தம்.

கழுகுக்கும் மின்னலுக்கும் அப்போது பத்தொன்பது வயது. அந்த வருட இறுதிப் போட்டியில் ஜெயிப்பவளுக்குப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்கான ஒரே இடம். மின்னலுக்கு ஒரு புள்ளி கிடைத்தால் ஆட்டம் முடிந்தது. கழுகு ஒன்றே ஒன்று பின்னால் இருந்தாள். பழைய பந்து இறகு பிய்ந்துவிட்டது என்று மின்னல்தான் புதுப் பந்து கேட்டு வாங்கினாள். குழாயிலிருந்து அப்போதுதான் உருவிய பந்து. நீண்ட ஆட்டம், இருபது தடவைக்கு மேல் பந்து வலையைத் தாண்டியிருக்கும். கடைசியில் கழுகு தன் உயிரையெல்லாம் கைக்குக் கொண்டுவந்து பின்கோட்டை நோக்கி உயரமாக அடித்தாள். மின்னல் ஓடினாள், எட்டவில்லை, நின்று திரும்பிக் குனிந்து பார்த்தாள்.

"வெளியே" என்றாள்.

கழுகு மறுபேச்சுப் பேசவில்லை. வலையைத் தாண்டிக் கையை நீட்டினாள், குலுக்கினாள், வாழ்த்துச் சொன்னாள். மின்னல் பந்தைப் பொறுக்கி, இறகைச் சுற்றி எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் கழுகு அதைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் இருந்த வெள்ளைத் தக்கையில், நகத்தளவுக்கு, பிறை மாதிரி நீலம் ஒட்டியிருந்தது. அந்தப் பந்து தன் ஆயுளில் தரையைத் தொட்டது ஒரே ஒரு தடவை. அந்தக் கூடத்தில் நீலம் இருந்தது கோட்டில் மட்டும்தான்.

மறுநாள் கூடக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "சொன்னது சொன்னதுதான்மா. இதுக்குத் தீர்ப்பு மாத்தினா நாளைக்கு ஆளாளுக்குப் பந்தைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க" என்றார். மின்னல் பல்கலைக்கழகம் போனாள். கழுகு அடுத்த மாதமே அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மட்டையை அதற்குப் பிறகு தொடவில்லை.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். கழுகை எரிச்சல்படுத்திய முதல் விஷயம், புத்தகம் நன்றாக இருந்தது. கிரேக்க ஞானிகள் மல்யுத்தக் கூடங்களின் ஓரத்தில் உட்கார்ந்து அறத்தைப் பற்றி வாதாடியதிலிருந்து ஆரம்பித்து, ஓட்டக்காரனுக்குக் கிடைக்கும் மரியாதை அறிவாளிக்குக் கிடைக்கவில்லையே என்று வயிறெரிந்த பழைய சிந்தனையாளர் வரைக்கும் அழகாகச் சொல்லிக்கொண்டு போனது. அந்த ஞானிகளில் ஒருவருக்குத் தோள் அகலத்தால் வந்த பட்டப்பெயரே உலகத்துக்குத் தெரிந்த பெயராக நின்றுவிட்டது என்று ஒரு கதை உண்டாம். அதைப் படித்துக் கழுகு தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

தொண்ணூற்று ஏழாம் பக்கத்தில் புத்தகத்தின் முதுகெலும்பு இருந்தது. ஆட்டம் என்பது விதிகளால் மட்டுமே ஆனது. சும்மா நடந்துபோய் வைத்துவிட்டு வரக்கூடிய பந்தை, வலைக்கு மேலாக, கோட்டுக்குள்ளாக, மட்டையால்தான் அனுப்புவேன் என்று நாமாகவே கஷ்டத்தை ஏற்றுக்கொள்வதுதான் ஆடுவது. அந்த விதியை மறைவாக மீறியவன் மோசமாக ஆடினான் என்றுகூடச் சொல்ல முடியாது, அவன் ஆடவே இல்லை. ஆடாதவன் ஜெயிக்கவும் முடியாது. அவன் கையில் இருப்பது கோப்பையே தவிர வெற்றி அல்ல.

கழுகு அந்தப் பத்தியை மூன்று தடவை படித்தாள். 'அடிப்பாவி, எல்லாம் தெரிஞ்சிருக்கே உனக்கு' என்று நினைத்துக்கொண்டாள்.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் புதன்கிழமை மதியம் வந்தது. அத்தியாயத்துக்கு 'இரண்டு விரல்' என்று தலைப்பு.

"எனக்கு விளையாட்டின் அறத்தைக் கற்றுத்தந்தது நடுவர் இல்லாத ஒரு கூடம். அங்கே என் கோட்டுக்கு நானே சாட்சி. இறுதிப் போட்டியின் கடைசிப் பந்து என் பின்கோட்டுக்கு இரண்டு விரல் வெளியே விழுந்தது. ஒரு விரல் உள்ளே விழுந்திருந்தாலும் என் வாயாலேயே என் வெற்றியைத் தள்ளிப் போட்டிருப்பேன். எதிரில் நின்ற பெண் அதை ஏற்கவில்லை. மட்டையை வீசினாள், என்னை ஏமாற்றுக்காரி என்று கத்தினாள், நான் நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். தோற்கத் தெரியாதவர்களிடம் அறம் தங்குவதில்லை என்பதை அன்று கண்டேன்."

கழுகு பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினாள். இடத்தை எடுத்துக்கொண்டாள், படிப்பை எடுத்துக்கொண்டாள், அதோடு விட்டாளா. தோற்றவளிடம் மிச்சமிருந்த ஒரே சொத்து, ஒழுங்காகத் தோற்றேன் என்பது. அதையும் இப்போது அச்சடித்து அட்டை போட்டு எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள். அந்தக் கூடத்தில் ஆடியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அந்தப் பெண் யார் என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கத் தேவையில்லை.

சாயங்காலம் வீட்டு முன்னறையில் கணவர் கடிகாரங்களைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். பழுது பார்க்கிறவர். பீரோவின் அடித்தட்டிலிருந்து பந்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கல்யாணமான வருடமே கதை முழுவதும் கேட்டவர் என்பதால் அவர் ஒன்றும் கேட்காமல் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டார்.

"மேலாக்கப் படிஞ்ச சாயம் இல்ல. அழுந்தி உள்ள ஏறியிருக்கு. வேகமா வந்து ஈரத்துல குத்தினாத்தான் இப்படி ஏறும்" என்றார். "என்ன செய்யப்போற?"

"பழி வாங்கப்போறேங்க."

"சரி. சாப்பிட்டுட்டு வாங்கு."

பழி வாங்குவது சுலபமாகத்தான் இருந்தது, அதுதான் பிரச்சினை. மறுநாள் பென்சிலை எடுத்து அந்தப் பத்தியைத் தாளின் ஓரத்தில் உண்மையாக எழுதிப் பார்த்தாள். பந்து கோட்டில் விழுந்தது, நான் வெளியே என்றேன், அவள் கை கொடுத்தாள். நாலே வரி. இந்தப் பேராசிரியை கடைசி மெய்ப்பைப் படிக்காமலே பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போடுகிற ரகம் என்பது முந்தைய புத்தகத்திலேயே அச்சகத்துக்குத் தெரியும். மாற்றிவிட்டால் ஆயிரம் பிரதியில் அவளே தன் குட்டை உடைத்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் மெய்ப்புக்காரிக்கும் விதி உண்டு. எழுத்துப் பிழையைத் திருத்தலாம். பொருளில் சந்தேகம் வந்தால் கைவைக்கக் கூடாது, ஓரத்தில் கேள்வி எழுத வேண்டும். எழுதியவர் நேரில் வந்து மையில் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் கழுகு அதை ஒரு தடவைகூட மீறியதில்லை. பாழாய்ப்போன தொண்ணூற்று ஏழாம் பக்கம் வேறு மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. மீறினால் ஆடவில்லை, ஆடவில்லை என்றால் ஜெயிக்கவில்லை. நல்லவளாக இருக்கவேண்டும் என்ற ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. ஜெயித்ததாகச் செல்லாத ஒரு வெற்றி இந்தத் தடவை வேண்டாம் என்று பட்டது. பென்சில் வரிகளை அழித்தாள். பேனாவை எடுத்து எழுதினாள்.

"இரண்டு விரல் வெளியே என்கிறீர்கள். கூடத்தின் கோடுகள் அன்று காலை ஈர நீலத்தில் போடப்பட்டவை. அந்தப் புள்ளிக்குப் பந்து புதிது. நீங்கள் கையெழுத்திட்ட அதே பந்தின் தக்கையில் நீலம் இருக்கிறது. இணைத்துள்ளேன். சரிபார்க்கவும்."

பந்தைக் கண்ணாடிக் காகித உறையில் போட்டு, அந்தப் பக்கத்தோடு நூலால் கட்டினாள். உள்ளேயா, வெளியேயா. மறுபடியும் மின்னலின் பக்கத்துக் கோட்டில் ஒரு பந்தை அடித்திருந்தாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பேராசிரியை வந்தாள். நல்ல கைத்தறிப் புடவை, கழுத்தில் சங்கிலி கட்டித் தொங்கும் கண்ணாடி. முதலாளி வாசல்வரை போய் அழைத்துவந்து கழுகின் தடுப்பறையில் உட்காரவைத்துவிட்டு இயந்திரத்தைப் பார்க்கப் போனார். பின்பக்கம் அச்சு இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது.

"ஏதோ ஒரு பக்கத்துல கேள்வி இருக்காமே. சொல்லுங்கம்மா" என்றாள் பேராசிரியை, முகத்தைச் சரியாகப் பார்க்காமல்.

கழுகு கட்டை நகர்த்தினாள். உறை புடைத்திருந்ததால் கட்டு தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்தது. பேராசிரியை படித்தாள். உறையைத் தொட்டாள். இறகில் மங்கியிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயா."

"நான்தான்."

"இத்தனை வருஷமா இதை வச்சிருந்தியா?"

"தோத்தவங்க வச்சிருக்கணும்னுதானே கொடுத்தீங்க."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். குரல் இறங்கியது. "அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. எங்கப்பா அந்த ஒரு இடத்தையே நம்பி உக்காந்திருந்தார். குனிஞ்சு பார்த்தேன், எனக்கு..." என்று நிறுத்தினாள்.

அந்த நிமிடத்தில் கழுகுக்கு வந்த பயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒப்புக்கொண்டுவிடுவாளோ என்று பயந்தாள். ஒப்புக்கொண்டுவிட்டால் மன்னிக்க வேண்டியிருக்கும். மன்னிக்க அவள் வரவில்லை. பொய் சொல்லு, தாயே, இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லிவிடு என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். ஆனாலும் வாய் நியாயமாகத்தான் பேசியது.

"மாத்துறதுன்னா மாத்தலாம். எடுக்கறதுன்னா மொத்தமா எடுத்துடலாம். அப்படியே இருக்கணும்னாலும் சரி. உங்க பக்கத்துக் கோடு. நீங்கதான் சொல்லணும்."

"அந்த அத்தியாயத்தை எடுத்தா புத்தகமே நிக்காது. ஆறு நாள்ல விழா." பேராசிரியை தன்னோடு பேசுகிற மாதிரி பேசினாள். பிறகு முதுகு நிமிர்ந்தது, பேராசிரியைத் தோரணை திரும்பி வந்துவிட்டது. "பழைய பந்து. எங்க எப்பப் பட்ட சாயமோ. இதையெல்லாம் ஆதாரம்னு சொல்றது சரியில்ல. பேனா கொடு."

"எழுதறதுக்கு முன்னாடி பின்னால சுவத்துல இருக்கற விதியைப் படிச்சிடுங்க. எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

"விதியைப் பத்தி எனக்கேவா?" என்று சிரித்தாள் பேராசிரியை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேள்விக்கு நேர்கீழே எழுதினாள். "சரிபார்த்தேன். பந்து வெளியேதான். அப்படியே அச்சிடவும்." கையெழுத்து, தேதி. இருபத்திரண்டு வருடத்தில் கையெழுத்து கொஞ்சமும் மாறவில்லை. கடைசி எழுத்துக்கு அடியில் அதே வால்.

அவள் போன பிறகு கழுகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சட்டம் போட்டு மாட்டிய பலகை, ஐந்து விதிகள். மூன்றாவது விதி முதலாளிக்குச் செல்லப்பிள்ளை. 'கடைசி மெய்ப்பும் அதனுடன் இணைக்கப்பட்ட அனைத்தும், எதையும் கழற்றாமல், வெளியீட்டு விழா முடியும்வரை வாசகர் பார்வைக்கு வைக்கப்படும்.' ஒரு புத்தகம் எப்படிப் பிறக்கிறது என்று வாசகன் பார்க்கட்டும் என்பார் அவர். போன புத்தகத்தின் விழாவுக்கும் அப்படி வைத்தார்தான். ஆனால் பேராசிரியை மேடைக்குப் பின்வாசல் வழியாகப் போகிறவள், அந்த மேசை அவள் கண்ணில் பட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பல்கலைக்கழக அரங்கில் விழா. நுழைவாயில் மேசையில் புதுப் பிரதிகள் ஒரு பக்கம், நூல் கட்டிய மெய்ப்பு ஒரு பக்கம். யார் தொட்டாலும் கட்டு நூற்று நாற்பத்து மூன்றில்தான் திறந்தது. கணவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, தன் பூதக்கண்ணாடியை ஒரு கயிற்றில் கட்டி மேசையில் வைத்தார்.

"என்னங்க இது?"

"கண்ணாடி வைக்கக் கூடாதுன்னு விதியில இருக்கா? நல்லாப் பார்க்கட்டும்."

முதலில் பார்த்தவர்கள் புரியாமல் போனார்கள். பழைய கூடத்தில் ஆடிய இரண்டு பெண்கள் வந்தார்கள், இப்போது நரை விழுந்தவர்கள். ஒருத்தி கேள்வியைச் சத்தமாகப் படித்தாள். இன்னொருத்தி கண்ணாடியை எடுத்துத் தக்கையைப் பார்த்தாள். "ஐயோ, அந்த நீலமேதான்" என்றாள். பிறகு கழுகைப் பார்த்து, "நீ கை கொடுத்தியேடி, நான் பக்கத்துல நின்னேனே" என்றாள். அதற்குப் பிறகு மேசையைச் சுற்றிக் கூட்டம் விலகவே இல்லை. மேடையில் பேராசிரியை, என் கோட்டுக்கு நானே சாட்சி என்று பேசிக்கொண்டிருந்தபோது பாதி அரங்கம் கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்குக் காரணம் தெரியவில்லை. அது கழுகுக்கு இனித்தது. வெட்கமில்லாமல் இனித்தது.

கேள்வி நேரத்தில் விளையாட்டு உடையோடு வந்திருந்த ஒரு மாணவி எழுந்தாள். அவளும் இறகுப்பந்து ஆடுகிறவளாம்.

"மேடம், தொண்ணூத்தேழாம் பக்கத்துல, மறைவா விதியை மீறினவங்க ஆடவே இல்ல, அதனால ஜெயிக்கவும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. வாசல்ல இருக்கற பந்தைப் பார்த்தேன். உங்க கையெழுத்தும் பார்த்தேன். உங்க விதிப்படி அந்தப் போட்டியில ஜெயிச்சது யாரு?"

"எந்தப் பந்து?" என்றாள் பேராசிரியை.

முதலாளி, பாவம், உதவி செய்வதாக நினைத்துக் கட்டை மேடைக்கே தூக்கிக்கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தார். அது தானாகத் திறந்தது. பேராசிரியை குனிந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் குனிந்த அதே குனிவு. அன்றைக்கு ஒரு வார்த்தை தயாராக வந்தது. இன்றைக்கு ஒலிபெருக்கியில் அவளுடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அவள் உட்கார்ந்தாள். தலைமை தாங்கியவர் அவசர அவசரமாக நன்றி சொல்லி விழாவை முடித்தார்.

விழா முடிந்தது என்று காதில் கேட்ட பிறகுதான் கழுகு எழுந்தாள். அதற்கு முன்னால் கழற்றினால் விதி மீறல். நேராக மேடைக்குப் போனாள். கத்தரிக்கோலால் நூலை வெட்டிப் பந்தை உறையிலிருந்து எடுத்தாள். இறகுகளில் பழைய கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அவசரப்படாமல் இறகு இறகாகத் திருப்பித் தன் கையெழுத்தையும் அன்றைய தேதியையும் எழுதினாள். யாரும் வெளியே போகவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"கடைசிப் பந்து" என்று நீட்டினாள். "தோத்தவங்ககிட்டதான் இருக்கணும். வச்சுக்க, மின்னல்."

மின்னல் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.